கேரட் இலைக்கருகலும் இலைப்புள்ளியும்: விதை முதல் அறுவடை வரை எதற்குப் பின் எது

கேரட் இலையில் புள்ளி தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் செய்கிற முதல் காரியம் மருந்து வாங்க ஓடுவதுதான். புதிதாகக் கேரட் போட்டவர்கள் பலரோடு வயலில் நடந்திருக்கிறேன், ஏறக்குறைய எல்லோரும் இதையே செய்தார்கள், ஆரம்பத்தில் நானும் செய்தேன். இந்த வேலையில் மருந்துக்கு ஏழாவது இடம். முன்னால் இருக்கிற ஆறையும் விட்டுவிட்டு நேராக ஏழுக்குப் போனால் வாராவாரம் அடித்துக்கொண்டே இருப்பீர்கள், இலையும் அது பாட்டுக்குக் கருகிக்கொண்டே இருக்கும்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த நோய்கள் கிழங்கை நேரடியாக அழுக வைப்பதில்லை. இலை போவதால் கிழங்கு பருக்காமல் நின்றுவிடும், காம்பு நொய்ந்துபோவதால் பிடுங்கும்போது தழை மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணிலேயே தங்கும். நஷ்டம் இந்த இரண்டு வழியில்தான் வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் எப்போது பதற வேண்டும், எப்போது வேண்டாம் என்பது தெளிவாகும்.

1. கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸ் ஒன்று, ஒரு வெப்பமானி, கிராம் காட்டும் சின்னத் தராசு, மி.லி. கோடு போட்ட அளவுக் குவளை, பத்துப் பன்னிரண்டு குச்சி, வாய் மூடுகிற பிளாஸ்டிக் பைகள், ஒரு நோட்டு. போனில் படம் எடுப்பது நல்லதுதான், ஆனால் அது நோட்டுக்கு ஈடாகாது. மூன்று வாரம் கழித்து அந்தப் படம் எந்தப் பாத்தியில் எடுத்தது என்று உங்களுக்கே ஞாபகம் இருக்காது.

தராசு இல்லாமல் பாட்டில் மூடியால் தூள் அளக்கிறவர்கள் நிறைய. ஒரு மூடி கந்தகத் தூளும் ஒரு மூடி காப்பர் தூளும் ஒரே எடை இல்லை. அளவு கூடினால் இலை பொசுங்கும், குறைந்தால் நோய் தப்பிவிடும், இரண்டிலும் பழி மருந்தின் மேல் விழும்.

இந்தச் சாமான்களை எல்லாம்விட முக்கியம் ஒரு தகவல்: இதே நிலத்தில் கடைசியாகக் கேரட் எப்போது இருந்தது, அப்போது இலை எப்படி இருந்தது. குத்தகை நிலம் என்றால் முன்பு பயிர் வைத்தவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது படியில் இது தேவைப்படும்.

2. விதையைக் கவனிப்பது

இலைக்கருகலை உண்டாக்குவது ஆல்டர்னேரியா டாசி என்ற பூஞ்சை. அது விதையின் மேலும் உள்ளும் ஒட்டிக்கொண்டு வயலுக்குள் வரும். செர்கோஸ்போரா என்ற இன்னொரு பூஞ்சை உண்டாக்குகிற இலைப்புள்ளிக்கும் விதை ஒரு வழி. அதனால் சுத்தமான புது நிலத்தில் போட்டாலும் முதல் சில செடிகளில் நோய் தலைகாட்டலாம், அங்கிருந்து காற்றும் மழைத்துளியும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

நோய்ப் பரிசோதனை செய்யப்பட்ட விதை கிடைத்தால் அதையே வாங்குங்கள். சொந்த விதையோ எப்படிப்பட்டது என்று தெரியாத விதையோ என்றால் வெந்நீர் நேர்த்தி செய்யலாம். விதையைத் துணிப்பையில் தளர்வாகக் கட்டி, முதலில் 38 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம். பிறகு 50 டிகிரியில் 20 நிமிடம், பையை இடையிடையே அசைத்துவிட்டபடி. அப்புறம் உடனே குளிர்ந்த நீரில் 5 நிமிடம் போட்டுச் சூட்டை நிறுத்தி, நிழலில் பரப்பிக் காயவையுங்கள். முதல் வெதுவெதுப்பு எதற்கு என்றால், சில்லென்று இருக்கும் விதைப்பையைத் திடீரென்று 50 டிகிரிக்குள் விட்டால் நீரின் சூடு இறங்கிவிடும், கணக்கே கெட்டுப்போகும்.

இதில் இடம் கொடுக்கிற இடைவெளி மிகக் குறைவு. சூடு குறைந்தால் பூஞ்சை பிழைக்கும், கூடினால் விதை வெந்துவிடும். நான் முதன்முறை செய்தபோது என் வெப்பமானி குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது, எனக்குத் தெரியாது. மணி பார்த்து, பை அசைத்து, எல்லாம் ஒழுங்காகச் செய்த திருப்தியில் விதைத்தேன். மூன்று வாரம் ஆகியும் பாத்தி வெறும் மண்ணாகவே கிடந்தது, ஓரத்தில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக மயிரிழை போல நாலு முளை. அதன் பிறகு ஒவ்வொரு முறையும், நொறுக்கிய ஐஸ் நிறையப் போட்ட தண்ணீரில் வெப்பமானியை வைத்து 0 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.

முழு விதையையும் ஒரேயடியாகப் போடாதீர்கள். 100 விதையை நேர்த்தி செய்து, நேர்த்தி செய்யாத 100 விதையோடு சேர்த்து ஈரத்துணியில் முளைக்க விடுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் மீதியைச் செய்யலாம். பழைய விதை இந்தச் சூட்டைத் தாங்காது. மருந்து பூசிய விதையும் உருண்டையாகப் பூச்சுக் கட்டிய விதையும் வெந்நீருக்குள் போகவே கூடாது. நேர்த்தி செய்த விதையை அடுத்த பருவத்துக்கு என்று எடுத்துவைக்காமல் அந்தப் பருவத்திலேயே விதைத்துவிடுங்கள்.

3. நிலமும் இடைவெளியும்

இந்தப் பூஞ்சைகள் பழைய கேரட் தழையில் உயிரோடு இருக்கும், தழை மக்கிப்போனால் அவையும் போய்விடும். அதனால்தான் ஒரு கேரட்டுக்கும் அடுத்த கேரட்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி கேட்கிறோம். அந்த ஆண்டுகளில் தானியமோ பயறோ எதுவும் போடலாம்.

புதியவர்கள் தடுமாறுகிற இடம் வேறு. பயிர்ச்சுழற்சியை ஒழுங்காகச் செய்துவிட்டு, புதுப் பாத்தியை முதிர்ந்த கேரட் பாத்திக்குப் பக்கத்திலேயே போடுவார்கள். தொடர் அறுவடைக்காக மூன்று வாரத்துக்கு ஒரு பாத்தி விதைக்கிறவர்களிடம் இது அடிக்கடி நடக்கும். முதல் பாத்தி கிழடாகிக் கருகி நிற்கும்போது மூன்றாவது பாத்தி இளம்பயிராக இருக்கும், காற்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பூஞ்சையின் வித்துகளை, அதாவது பூஞ்சை பரவுகிற நுண்தூளை, கொண்டுபோய்ச் சேர்க்கும். முடிந்த அளவு தள்ளிப் போடுங்கள், முடியாவிட்டால் காற்று புதுப் பாத்தியிலிருந்து பழைய பாத்தியை நோக்கி வீசுகிற மாதிரி இடம் பாருங்கள். போன பருவத்தில் தப்பித்துத் தானாக முளைத்து நிற்கும் கேரட்டையும் காட்டுக் கேரட்டையும் வேரோடு எடுத்துவிடுங்கள்.

பயிர் கலைத்தலை, அதாவது நெருக்கமாக முளைத்ததில் சிலதைப் பிடுங்கி இடம் விடுவதை, தள்ளிப்போடாதீர்கள். நெருக்கமாக நின்றால் தழைகள் ஒன்றோடொன்று மூடிக்கொள்ளும், உள்ளே காற்று போகாது, காலைப் பனி உச்சி வரைக்கும் காயாது. களைக்கும் இதே கதைதான். வரிசைகளை வழக்கமான காற்றின் திசையிலேயே அமைத்தால் ஈரம் சீக்கிரம் போகும்.

தழைச்சத்து விஷயத்தில் இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது. அதிகம் போட்டால் இலை மண்டிப் புதராகும். பட்டினி போட்டால் இலை சீக்கிரம் கிழடாகும், ஆல்டர்னேரியாவுக்குக் கிழட்டு இலை என்றால் கொண்டாட்டம். அதனால் மொத்தத்தையும் அடியுரமாகக் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள்.

4. தண்ணீர்: இலை எத்தனை மணி நேரம் நனைந்திருக்கிறது

எல்லாவற்றிலும் பலன் கூடுதலான படி இதுதான், காசும் பெரிதாக ஆகாது, அதனாலோ என்னவோ யாரும் இதை மதிப்பதில்லை.

பூஞ்சையின் வித்து இலைமேல் விழுந்ததும் நோய் வந்துவிடாது. அது முளைத்து இலைக்குள் இறங்க இலைப்பரப்பில் ஈரம் தொடர்ந்து நிற்க வேண்டும். மிதமான சூட்டில் சுமார் 8 முதல் 12 மணி நேரம் போதும். ஆல்டர்னேரியாவுக்கு மிகவும் பிடித்த சூடு 28 டிகிரி அக்கம்பக்கம், குளிர்ச்சியில் வேகம் குறையுமே தவிர நின்றுவிடாது.

இப்போது ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவு 11 மணிக்குப் பனி இறங்கத் தொடங்கி, காலை 8 மணிக்கு இலை காய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 9 மணி நேரம், நோய் உள்ளே வருவதா வேண்டாமா என்று வாசலில் நிற்கிற அளவு. நீங்கள் சாயங்காலம் 5 மணிக்குத் தெளிப்பு நீர் ஓட்டினால் அந்த ஈரம் காயாமலே பனியோடு சேர்ந்துகொள்ளும், மொத்தம் 15 மணி நேரம். இலைக்கருகலுக்கு நாமே பாய் விரித்துக் கொடுத்த கதை. அதே நீரைக் காலையில், பனி எப்படியும் இலையில் இருக்கிற கடைசி நேரத்தில் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்தால் ஈர நேரம் அதிகம் கூடாது.

சொட்டுநீரோ பள்ளப் பாய்ச்சலோ இருந்தால் இந்தக் கவலையில் பாதி இல்லை. தெளிப்பு நீர்தான் வழி என்றால் தினம் கொஞ்சம் என்பதைவிட, மண் தாங்குகிற வரை நிறையக் கொடுத்து நாள் இடைவெளி விடுங்கள். இலை நனையும் தடவைகள் குறையும். விதைத்து முளைக்கும் வரை மேல்மண் காயக் கூடாது என்பதால் அப்போது மட்டும் இந்த விதி செல்லாது. முளைவிட்ட பிறகு மாறிக்கொள்ளுங்கள்.

அப்புறம், இலை ஈரமாக இருக்கும்போது பாத்திக்குள் இறங்கிக் களை எடுக்காதீர்கள். நனைந்த கால்சட்டை ஒரு வரிசையிலிருந்து மறு வரிசைக்கு வித்துகளை அழகாகத் துடைத்துக்கொண்டு போகும்.

5. வாரம் ஒரு நடை

செடிக்கு நாலைந்து இலை வந்ததும் தொடங்குங்கள், வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில். தழை மூடிக்கொண்ட பிறகும் மழை பெய்த பிறகும் வாரம் இரண்டு முறை. வித்து இலைக்குள் இறங்கியதிலிருந்து புள்ளி கண்ணுக்குத் தெரிய ஒரு வாரம் பத்து நாள் வரை ஆகும். இன்று பார்க்கிற புள்ளி போன வார ஈரத்தின் விளைவு. இந்த வார ஈரத்தின் விளைவு இன்னும் தெரியவே இல்லை. தாமதமாகப் பார்க்கிறவர்கள் எப்போதும் ஒரு சுற்று பின்தங்கியே ஓடுவார்கள்.

நடப்பது வளைந்து வளைந்து, வயலின் எல்லாப் பக்கமும் தொடுகிற மாதிரி. 10 இடத்தில் நில்லுங்கள், ஒவ்வோர் இடத்திலும் 10 இலை, வெவ்வேறு செடியில். முதிர்ந்ததும் இளசுமாகக் கலந்து பாருங்கள். ஒரு புள்ளி இருந்தாலும் அந்த இலையைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 100 இலையில் எத்தனை என்பதே சதவீதம், வேறு கணக்கு வேண்டாம். வரப்போரமாக நின்று எட்டிப் பார்ப்பது நடை ஆகாது. நோய் பெரும்பாலும் தழை அடர்ந்த, பள்ளமான, மர நிழல் விழுகிற, சீக்கிரம் காயாத மூலையில்தான் தொடங்கும். அந்த மூலைகளை 10 இடத்துக்கு மேல் கூடுதலாகப் பாருங்கள்.

முதலில் கண்ட இடத்தில் குச்சி நடுங்கள். அடுத்த வாரம் அதே குச்சிக்குப் போய், அதைச் சுற்றி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். பரவுகிற வேகம் தெரியாமல் எடுக்கிற முடிவு குத்துமதிப்புதான்.

6. எந்த நோய் என்று பிரிப்பது

புள்ளியின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி: எந்த வயது இலையில் தொடங்கியிருக்கிறது? வெளிச்சுற்றுக் கிழட்டு இலையிலா, நடுவிலிருந்து வரும் இளசிலா? படம் பார்த்து நோய் கண்டுபிடிக்க முயல்கிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். படத்தில் ஒற்றை இலைதான் இருக்கும், செடியில் அது எங்கே இருந்தது என்று தெரியாது.

கிழட்டு இலையில், சிற்றிலைகளின் ஓரத்திலும் நுனியிலும், ஒழுங்கில்லாத கரும்பழுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள் என்றால் ஆல்டர்னேரியா இலைக்கருகல். புள்ளிகள் சேர்ந்து ஓரம் முழுக்கக் கறுத்துவிடும், காம்பில் நீளவாக்கில் கருங்கோடு விழும். இலைப்பரப்பில் ஏறத்தாழ 40 சதவீதம் போனதும் முழு இலையும் மஞ்சளாகிச் சரிந்துவிடும். கடைசியில் தூரத்திலிருந்து பார்த்தால் வயலுக்குத் தீ வைத்த மாதிரி தெரியும்.

இளம் இலையில், ஓரளவு வட்டமாக, நடுவில் வெளிர் பழுப்பு அல்லது சாம்பல், சுற்றிலும் தெளிவான அடர்நிற விளிம்பு என்றால் செர்கோஸ்போரா இலைப்புள்ளி. சிற்றிலையின் ஓரத்தில் வந்தால் அந்தப் பக்கம் வளராமல் இலை சுருண்டுகொள்ளும். காம்பில் வந்தால் நீள்வட்டம். பருவத்தின் முன்பாதியில் இதுவும் பின்பாதியில் ஆல்டர்னேரியாவுமாக வருவது வழக்கம், இரண்டும் ஒரே செடியில் இருப்பதும் உண்டு.

வெள்ளைப் பொடி தூவிய மாதிரி இருந்து, விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வந்தால் சாம்பல் நோய். மற்ற இரண்டையும் போல இதற்கு இலையில் நீர் நிற்க வேண்டியதில்லை, காற்றில் ஈரப்பதம் இருந்தாலே போதும். அதனால் மழையே இல்லாத வறண்ட பருவத்தில், தண்ணீர்க் குறையில் தவிக்கிற செடியில், கிழட்டு இலையிலிருந்து தொடங்கும். மழை இல்லை, நோய் வராது என்று இருக்கிறவர்களை இதுதான் பிடிக்கும்.

இனி, பூஞ்சை போலத் தெரிந்து பூஞ்சை அல்லாதவை. காம்பில் தேன் நிறத்தில் பிசுபிசுப்பாகக் கோந்து வடிந்து காய்ந்திருந்தால் அது பாக்டீரியா இலைக்கருகல். இலையில் மட்டும் பார்த்தால் ஆல்டர்னேரியாவிலிருந்து பிரிப்பது கடினம், காம்பைப் பாருங்கள். பூஞ்சைக்கான மருந்துகளில் காப்பரைத் தவிர மற்றவை அதைத் தொடாது, காப்பரும் பரவலைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. நடுக்குருத்து மஞ்சளாகிக் கொத்தாகி, வெளி இலை செந்நீலமாக மாறி, கிழங்கில் மயிர் மயிராக வேர் என்றால் தத்துப்பூச்சி பரப்புகிற மஞ்சள் நோய், அதற்கு இங்கே சொல்கிற எதுவும் உதவாது, செடியைப் பிடுங்கிவிடுங்கள். கிழட்டு இலை புள்ளியே இல்லாமல் சீராக வெளுத்து மஞ்சளானால் அது செடியின் பசி, சத்துக் குறை. ஒருவர் இந்தப் பசிக்கு மூன்று சுற்று பூஞ்சைக்கொல்லி அடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். போய் லென்ஸில் பார்த்தால் ஓர் இலையில்கூடப் புள்ளி இல்லை.

சந்தேகம் தீரவில்லை என்றால் பைச் சோதனை. புதிதாக வந்த புள்ளி உள்ள, இன்னும் பச்சையான இலையை எடுத்து, ஈரத் தாளோடு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து மூடி, அறைச் சூட்டில் ஒன்றிரண்டு நாள் விடுங்கள். லென்ஸில் புள்ளிமேல் கருமையான மயிர்த்தூவல் தெரிந்தால் ஆல்டர்னேரியா பக்கம், வெள்ளி கலந்த சாம்பல் பூச்சு என்றால் செர்கோஸ்போரா. காய்ந்துபோன இலையை வைக்காதீர்கள். செத்த திசுவில் எந்தக் கரும்பூஞ்சையும் வந்து குடியேறும், பார்த்து ஏமாந்துபோவீர்கள்.

7. மருந்து அடிப்பதா, எதை அடிப்பது

முதலில் அடிக்க வேண்டுமா என்பது. இலைக்கருகலுக்கும் இலைப்புள்ளிக்கும் 100 இலையில் 25 இலை என்பது பலர் வைத்துக்கொள்கிற கோடு. நான் அதை வறண்ட வாரங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். தழை மூடிவிட்டது, வானம் மூடியிருக்கிறது, இரவு முழுக்கப் பனி என்றால் 25 வரை காத்திருப்பது ரொம்பத் தாமதம், குச்சியைச் சுற்றிப் பரவுவது தெரிந்ததுமே தொடங்குங்கள். எதிர்ப்பக்கம், அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம்தான் இருக்கிறது, கடப்பாரையோ முள்கரண்டியோ போட்டு மண்ணைத் தளர்த்திக் கையால் எடுக்கப் போகிறீர்கள், நோய் கிழட்டு இலையில் மட்டும் என்றால் பேசாமல் விட்டுவிடலாம். தழையைப் பிடித்து இழுக்கிற இயந்திர அறுவடை என்றால் கடைசி வரை காம்பைக் காப்பாற்றியாக வேண்டும், அங்கே கணக்கே வேறு.

அடுத்து எதை என்பது. காப்பர் வகைகள், மான்கோசெப், குளோரோதலோனில் மூன்றும் இலைமேல் படிந்து நின்று தடுப்பவை. வித்து முளைக்கும்போது கொல்லும், உள்ளே இறங்கிய பூஞ்சையை ஒன்றும் செய்யாது, புதிதாக வரும் இலைக்கும் பாதுகாப்பு இல்லை. அசாக்ஸிஸ்ட்ரோபின், டைஃபெனகோனசோல், போஸ்காலிட் போன்றவை இலைத் திசுவுக்குள் ஓரளவு ஊடுருவும். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் நன்றாகக் கேட்கும், ஆனால் அதையே இலைக்கருகலுக்கு அடித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் இருக்கும்போதும், எண்ணெய் வகைத் தெளிப்புக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் வேண்டாம், இலை பொசுங்கும்.

மருந்தை மாற்றி மாற்றி அடிக்கச் சொல்வார்கள். எதை மாற்றுவது என்பதில்தான் தவறு நடக்கிறது. டெபுகோனசோல் அடித்துவிட்டு அடுத்த முறை டைஃபெனகோனசோல் அடித்தால் பெயர் மாறியிருக்கிறது, மருந்து வேலை செய்கிற விதம் மாறவில்லை. அந்த விதத்தை வைத்து மருந்துகளைக் குழுவாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள், இரண்டும் 3-ஆம் குழு. அசாக்ஸிஸ்ட்ரோபினும் பைராக்ளோஸ்ட்ரோபினும் இரண்டும் 11. குழு எண்ணைப் பாருங்கள், பல நாடுகளில் லேபிளிலேயே அச்சாகியிருக்கும். ஒரே குழுவைத் தொடர்ந்து அடித்தால் அதற்குத் தப்புகிற பூஞ்சை மட்டும் பெருகும். 11-ஆம் குழுவில் இது சீக்கிரமே நடக்கும். நான் தடுப்பு மருந்தை முதுகெலும்பாக வைத்து, நடுநடுவே வேறு வேறு குழு மருந்தைச் சேர்ப்பேன்.

எந்த மருந்தும் உங்கள் நாட்டில் கேரட்டுக்குப் பதிவாகியிருக்கிறதா என்று லேபிளில் பார்த்த பிறகுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் குளோரோதலோனிலுக்கு 2019-லும் மான்கோசெபுக்கு 2020-லும் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள், வேறு சில நாடுகளில் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அதனால் யாரோ எங்கோ எழுதிய மருந்துப் பட்டியலை அப்படியே எடுத்து அடிக்காதீர்கள். அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதும் அதே லேபிளில் இருக்கும். அந்த நாளை இப்போதே நோட்டில் எழுதிவிடுங்கள்.

8. அளவுக் கணக்கும் தெளிப்பும்

மருந்து சரி, அளவு தப்பு. பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். லேபிளில் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று இருக்கும், உங்கள் முதுகில் இருப்பது 10 லிட்டர் தெளிப்பான். இரண்டையும் இணைக்க உங்கள் நடைவேகம் தெரிய வேண்டும்.

வெறும் தண்ணீரோடு தொடங்குங்கள். 100 சதுர மீட்டர் அளந்து குச்சி நடுங்கள். தெளிப்பானில் அளந்த தண்ணீர் ஊற்றி, மருந்து அடிப்பது போலவே, அதே நாசில், அதே வேகத்தில் அடித்து முடியுங்கள். 5 லிட்டர் செலவானது என்றால், ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர், ஆக உங்கள் கைக்கு ஹெக்டேருக்கு 500 லிட்டர். ஒரு 10 லிட்டர் தொட்டி 200 சதுர மீட்டருக்கு வரும். லேபிள் ஹெக்டேருக்கு 2 கிலோ கேட்டால் தொட்டிக்கு 40 கிராம். அவ்வளவுதான். இதை வேறு ஆள் அடித்தால் மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் அவர் நடை வேறு. நாசில் தேய்ந்து மாற்றினாலும் அப்படித்தான்.

கலக்கும் வரிசை: தொட்டியில் பாதித் தண்ணீர், தூளைத் தனி வாளியில் கொஞ்சம் நீரில் கூழாகக் கரைத்து வடிகட்டி ஊற்றுவது, பிறகு திரவ மருந்து, கடைசியில் ஒட்டு திரவம், அப்புறம் மீதித் தண்ணீர். தூளை நேரே தொட்டியில் கொட்டினால் அடியில் கட்டியாகி நாசிலை அடைக்கும். நடுவயலில் நாசிலைக் கழற்றி வாயால் ஊதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், பழைய பல்துலக்கி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கையுறை, முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை நான்கும் கலக்கும்போதே போட்டிருக்க வேண்டும், அடர் மருந்து மேலே தெறிப்பது அப்போதுதான்.

காற்று அடங்கிய நேரம், பனி காய்ந்த பிறகு. பனி சொட்டச் சொட்ட அடித்தால் மருந்து இலையில் நிற்காமல் வழிந்துவிடும். தடுப்பு மருந்தை மழைக்கு முன் அடித்துக் காயவிடுவதில்தான் பலன் இருக்கிறது, மழை முடிந்து வித்து முளைத்த பிறகு அல்ல. கேரட் இலை பொடிப்பொடியாகப் பிரிந்தது, மேலோட்டமாக அடித்தால் உச்சி மட்டும்தான் நனையும், நோய் இருக்கிற கீழ் இலையும் காம்பும் காய்ந்தே இருக்கும். தழையைக் கையால் விலக்கி உள்ளே பாருங்கள், கீழ்க் காம்பில் சிறு துளிகள் படிந்திருக்க வேண்டும், ஒழுகக் கூடாது. தண்ணீர்ச் சோதனையின்போதே சில காம்புகளில் துண்டுக் காகிதம் சுற்றிவைத்து நனைகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். நனையவில்லை என்றால் நாசிலைத் தாழ்த்துங்கள், நடையை மெதுவாக்குங்கள், அப்புறம் கணக்கை மறுபடி போடுங்கள்.

9. அடித்த பிறகு, அறுவடை வரை

இரண்டு மூன்று நாளில் போய்ப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பழைய புள்ளி எந்த மருந்திலும் மறையாது. அதோடு, அடிப்பதற்கு முன்பே உள்ளே இறங்கியவை ஒரு வாரத்துக்குப் புதுப் புள்ளியாக வந்துகொண்டுதான் இருக்கும். 10 நாள் கழித்து, அடித்த பிறகு விரிந்த இலைகளை மட்டும் எண்ணுங்கள். அவை சுத்தமாக இருந்தால் வேலை செய்திருக்கிறது. அடுத்த தெளிப்பு 7 முதல் 14 நாள் இடைவெளியில், ஈரமான வாரத்தில் 7, வறண்ட வாரத்தில் 14 பக்கம். நாலு நாள் வெயில் தொடர்ந்து இலை காய்ந்தே இருக்கிறது என்றால் ஒரு தெளிப்பைத் தள்ளிப்போடத் தயங்காதீர்கள்.

காம்பு நொய்ந்துவிட்ட வயலில் தழையைப் பிடித்து இழுக்காமல் முதலில் மண்ணை ஈரமாக்கி, பக்கத்தில் கருவி இறக்கி நெம்பி எடுங்கள். நோயுள்ள பாத்தியைக் கடைசியாக அறுவடை செய்யலாம் என்று தள்ளுவார்கள், நான் நேர்மாறாகச் செய்வேன். நோய்ப் பாத்தி முதலில் போகட்டும், இலை இல்லாத கிழங்கு இனி பருக்கப் போவதில்லை, பக்கத்துப் பாத்திக்கு வித்து அனுப்புவதாவது நிற்கும்.

அறுவடை முடிந்த அன்றோ மறுநாளோ தழை மண்ணுக்குள் போக வேண்டும். துண்டு துண்டாக நறுக்கி உழுதால் சீக்கிரம் மக்கும். வரப்போரம் குவித்துவைத்தால் மேல்பகுதி காய்ந்து மக்காமல் அடுத்த பருவம் வரை வித்து தந்துகொண்டிருக்கும். சின்னத் தோட்டத்தில் உரக்குழிக்குள் போடலாம், குழி நன்றாகச் சூடேறினால் மட்டும். பிறகு தெளிப்பானை மூன்று முறை கழுவுங்கள், கழுவிய நீரை வாய்க்காலில் விடாமல் அதே வயலிலேயே அடித்துவிடுங்கள். நோட்டில் பாத்திப் படம் வரைந்து குச்சிகள் நின்ற இடத்தைக் குறித்து, அந்தப் பக்கத்தின் மேல் அடுத்து எந்த ஆண்டுக்கு முன் இங்கே கேரட் கூடாது என்று எழுதிவையுங்கள்.